உமிச் சாம்பல் போட்ட தரை

ரயில்பாதை முகாம், வார்தா அருகே
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

வாணி எழுதுகிறேன். கவரைப் பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

என் எண்ணை நீங்கள் பிளாக் செய்துவிட்டது திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. "போன்ல வந்தது ஊருக்கே போவுது. அவளுக்கு ஏதாச்சும் சொல்லணும்னா தபால்ல சொல்லச் சொல்லுங்க, கவரையாச்சும் ஒட்டலாம்" என்று நீங்கள் சொன்னதாக அண்ணன் சொன்னார். சரி, தபாலிலேயே வருகிறேன்.

முதலில் அந்தப் படம். புதுப் பால்வாடித் தரையில் விழுந்த விரிசலை அண்ணன் எனக்கு அனுப்பினார். அதற்குள் ஒரு ரூபாய்க் காசு நுழைகிறதா பாருங்கள் என்று எழுதி, அதை நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். தனியாகக் கேட்டிருக்க வேண்டும். அது அங்கிருந்து உங்கள் மகளிர் குழுவுக்குப் போய், அங்கிருந்து டீக்கடை வரை போகும் என்று எனக்குத் தோன்றவில்லை. நாத்தனாரே அண்ணி கட்டின கட்டடத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாள் என்று நாலு பேர் பேசும்போது, குழுத் தலைவியாக நீங்கள் அவர்கள் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் விரிசல் இருக்கிறதே அண்ணி. நம் ஊர்க் கருப்பு மண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கோடையில் வாயைப் பிளக்கும், மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும், மேலே எது இருந்தாலும் தூக்கும். அதற்காகத்தான் உமிச் சாம்பலும் சுண்ணாம்பும் கலக்கச் சொன்னேன். ஈரத்தில் மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் அந்த மண் அதற்குப் பிறகு தண்ணீருக்கு அசையாது. சுவருக்கான அஸ்திவாரக் கடக்காலில் அப்படித்தான் பிடித்திருக்கிறது, சுவரில் ஒரு கீறல்கூட இல்லை என்று அண்ணன் சொல்கிறார். பிறகு உள்ளே தரை மட்டும் ஏன் பிளக்கிறது?

எனக்கு ஒரு சந்தேகம். ரைஸ் மில்லில் சாம்பல் இரண்டு குவியலாகக் கிடக்கும். வாசல் பக்கம் கிடப்பது கருகரு என்று பாதி வெந்தது, அதனால் பயனில்லை. பின்பக்கம் கிடக்கும் சாம்பல் நிறக் குவியல்தான் நமக்கு வேண்டும் என்று வந்தபோதே காட்டினேன். தரைக்கு ஏற்றும்போது டிராக்டர்காரர் வாசல் குவியலிலேயே வாரிவிட்டாரா? எந்தெந்தத் தேதியில் கலந்தீர்கள், எந்தத் தேதியில் கட்டையால் இடித்து இறுக்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

காரணம் தெரியும்வரை திறப்பு விழா வேண்டாம். உள்ளே உட்காரப் போவது சின்னக் குழந்தைகள்.

உங்கள்
வாணி

*

கம்பைநல்லூர்
10.8.2024

வாணிக்கு,

உன் கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்டு நாலு வரி, குற்றம் சாட்டி நாற்பது வரி. நல்ல கணக்கு.

நாங்கள் சாம்பலைத் திருடவில்லை, மாற்றவும் இல்லை. நீ காட்டின பின்பக்கக் குவியலில்தான் வாரினோம். டிராக்டர்காரர் வாரவில்லை, எங்கள் குழுப் பெண்கள் வாரினார்கள். அன்றைக்கு எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் பெற்ற பிள்ளையே பயந்து ஓடியிருக்கும். தும்மித் தும்மி, சல்லடையில் சலித்து, சுண்ணாம்பு பட்டுக் கை புண்ணாகி, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு அடுத்த நாளும் வந்தார்கள். கூலி கேட்கவில்லை. பால்வாடி அந்தத் தகரக் கொட்டகையில் கிடந்து ஒழுகுகிறதே, நம் பிள்ளைகள்தானே என்று வந்தார்கள். அவர்களிடம் போய் எந்தச் சாம்பல் என்று நான் எப்படிக் கேட்பேன்?

நீ இரண்டு நாள் வந்தாய். மண்ணைக் கையில் உருட்டிப் பார்த்தாய், டப்பாவில் குலுக்கிப் பார்த்தாய். கிராவல் கொண்டுவந்து கொட்ட நம்மால் ஆகாது, சும்மா கிடக்கிற சாம்பலே போதும் என்றாய். ஊர் சிரித்தது. "சாம்பலப் பாத்திரம் வெளக்கறதுக்குப் போடுவாங்க, கட்டடத்துக்கா போடுவாங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னது நான். எங்கள் நாத்தனார் படித்தவள், மண்ணை வைத்தே பிழைக்கிறவள் என்று உனக்காக வாய் கிழியப் பேசினேன். நீ என்னடாவென்றால் படம் போடுகிறாய்.

விரிசல் மயிர் அளவுதான். மேஸ்திரி சந்திரமோகன் பார்த்துவிட்டு, சிமெண்டு பால் ஊத்திப் பூசினால் தெரியாது என்கிறார். ஆவணியில் நாள் குறித்தாகிவிட்டது, நோட்டீஸும் அடித்தாகிவிட்டது. இனிமேல் தள்ளி வைத்தால் நான் தலைவி என்று சொல்லிக்கொண்டு தெருவில் நடக்க முடியாது.

தேதியெல்லாம் நான் குறித்து வைக்கவில்லை. இங்கே யாரும் அப்படி வேலை செய்வதில்லை.

உன் அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன்னைக் கேட்டார்கள்.

மணிமேகலை

*

வார்தா
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணிக்கு,

இதைப் படித்ததும் அண்ணன் மேல் பாயாதீர்கள். நான்தான் கெஞ்சிக் கேட்டேன். விரிசல் விழுந்த மூலையில் தரையைக் கொத்தி, அடியில் இருந்த மண்கட்டி கொஞ்சம் பார்சலில் அனுப்பி வைத்தார். உங்களிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பாவம், நமக்கு நடுவில் மாட்டிக்கொண்டு அவர் படும் பாடு.

சாம்பல் சரியான சாம்பல்தான். சுண்ணாம்பும் சரியான அளவு இருக்கிறது. உங்களையும் குழுப் பெண்களையும் சந்தேகப்பட்டது என் தப்பு, அவர்கள் எல்லோரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இது நாலு வரி மன்னிப்பு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன்.

ஆனால் அந்தக் கட்டி என் கையிலேயே உதிர்ந்தது, அண்ணி. நான் அங்கே வந்தபோது இதே மண்ணில் இதே அளவுக்குக் கலந்து பிடித்த உருண்டை இங்கே தண்ணீர்த் தொட்டிக்குள் இன்னும் கல்லாகக் கிடக்கிறது. நீங்கள் போட்டது கரைந்து போகிறது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே சின்னச் சின்ன உருண்டைகள் தனித்தனியாக இறுகியிருக்கின்றன, நடுவில் வெறும் தூள். அதாவது இடிப்பதற்கு முன்பே கலவை இறுகிக் காய்ந்துவிட்டது. காய்ந்த பிறகு எவ்வளவு இடித்தாலும் அது மறுபடி ஒட்டாது. நடுவில் இருக்கும் சந்தெல்லாம் தண்ணீர் போகிற வழி. நனைத்துக் கலந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் இடித்து முடித்துவிட வேண்டும், ஒரு ராத்திரி போனால்கூட மண் பிடிக்காது என்று உங்களிடம் எத்தனை தடவை சொன்னேன்! நீங்களே அதைக் குழுப் பெண்களிடம் திருப்பிச் சொன்னதை என் காதால் கேட்டேன்.

அதனால் உங்களுக்குத் தெரியவில்லை என்று நான் நம்பமாட்டேன். ஏதோ நடந்திருக்கிறது. கலவையை நனைத்த பிறகு வேலை நின்றிருக்கிறது. ஏன் நின்றது? என்ன நடந்தது? என்னிடம் சொல்ல முடியாதபடி அப்படி என்ன?

பூசி மறைக்க வேண்டாம். இரண்டு நல்ல மழை பெய்தால் தரை மேலே எழும்பும். அதைத் தோண்டி மறுபடி போட வேண்டும், வேறு வழியில்லை. சுவரைத் தொட வேண்டியதில்லை.

இதை எழுத எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் திறந்தே தீருவது என்று இருந்தால், பால்வாடிக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்கு நான் எழுதுவேன். அண்ணியாவது நாத்தனாராவது என்று பார்க்கமாட்டேன். உள்ளே உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது.

வாணி

*

கம்பைநல்லூர்
25.8.2024

கோகிலவாணிக்கு,

எழுது. தாராளமாக எழுது. விலாசம் வேண்டுமானால் நானே தருகிறேன். எழுதிய கையோடு இந்த வீட்டுப் படி ஏறுவதையும் மறந்துவிடு.

உன் அண்ணனுக்கு நான் இரண்டு நாளாகச் சோறு போடுகிறேன், பேசுவதில்லை. என் முதுகுக்குப் பின்னால் தரையைக் கொத்தியிருக்கிறார். அந்த இடத்தில் இப்போது ஒரு குழி. அதைப் பார்த்துவிட்டு பால்வாடி டீச்சர் சுகுணா, "எலி பறிச்சிருச்சாங்க்கா?" என்று கேட்கிறாள். ஆமாம், பெரிய எலி என்றேன்.

எல்லாக் கேள்விக்கும் மண்ணிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறாய். நீ கட்டியை உடைத்துப் பார்த்தால் உருண்டைதான் தெரியும். பங்குனி மாதம் இந்த ஊரில் என்ன நடந்தது என்று அதில் தெரியாது. தகவல் உனக்கும் வந்தது. நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய். வராதவர்களுக்குக் கேள்வி கேட்பது ரொம்பச் சுலபம்.

இதற்கு மேல் என்னைக் கிளறாதே. திறப்பு நடக்கும்.

மணிமேகலை

*

கம்பைநல்லூர்
1.9.2024

வாணி,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதியிருப்பாயோ என்னவோ, வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாலைந்து நாளாக மழை. தகரக் கொட்டகை ஒழுகி, பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் போய்விட்டது. முந்தாநாள் காலையில் சுகுணா வந்து நின்றாள். "அக்கா, இன்னிக்கி ஒரு நாளைக்கி மட்டும் புதுக் கட்டடத்துச் சாவி குடுங்க, புள்ளைங்க நனையுதுங்க" என்றாள். திறப்புக்கு முன்னால் எப்படி என்று யோசித்தேன், கொடுத்துவிட்டேன். உன் கடிதம் பீரோவில்தான் இருந்தது. தெரிந்தேதான் கொடுத்தேன்.

கதவைத் திறக்கும்போதே அடி லேசாகத் தரையில் உரசியிருக்கிறது. புதுக் கதவு, மழையில் ஊறியிருக்கும் என்று சுகுணா தள்ளித் திறந்திருக்கிறாள். சாரல் உள்ளே அடிக்கிறது என்று மறுபடி அழுத்திச் சாத்தியிருக்கிறாள். மத்தியானம் திறக்கப் பார்த்தால் வரவில்லை. அந்தக் கதவு உட்பக்கமாகத் திறப்பது. உள்ளே தரை எழும்பிக் கதவின் அடியை முட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியிலிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் தரையைத்தான் தள்ளுகிறோம். ஜன்னலில் எல்லாம் கம்பி. பிள்ளைகள் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நான்தான் கம்பியை நெருக்கமாக வைக்கச் சொன்னேன்.

உள்ளே பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டன. ஒன்று அழுதால் எல்லாம் அழும். நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக்கொண்டு நின்றேன். ஒரு பிஞ்சுக் கை என் விரலைப் பிடித்துக்கொண்டது. எட்டிப் பார்த்தேன், உன் சித்தப்பா குப்புராஜ் சின்ன மாமாவின் பேத்தி. "ஆத்தா, கதவு தொறக்க மாட்டிங்குது" என்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரம் செத்துவிடலாம் போல இருந்தது.

சந்திரமோகன் ஓடி வந்து கதவின் கீழ்ப் பலகையை இரம்பத்தால் அறுத்தார். அந்தச் சந்து வழியாக ஒவ்வொன்றாக இழுத்தோம். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. வெளியே வந்ததும் அதுகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, மறுபடி உள்ளே போய் வருகிறேன் என்று ஒன்று அடம். நான் மட்டும் அங்கேயே உட்கார்ந்து தரையைத் தடவிப் பார்த்தேன். நடுவில் திட்டாக எழும்பியிருந்தது. நீ எழுதியபடியே.

இப்போது சொல்கிறேன். நீ கேட்டது இதுதானே.

பங்குனியில் தரைக்கு மண் கலந்து, நனைத்து, பரப்பி, பெண்கள் எல்லோரும் திமிசுக்கட்டையை எடுத்து இடிக்க ஆரம்பித்தோம். கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். குப்புராஜ் சின்ன மாமா போய்விட்டார் என்று ஆள் வந்தது. அந்த மனிதருக்கும் நமக்கும் பேச்சு இல்லை என்பது உனக்குத் தெரியும். பால்வாடிக்கு விட்ட இடத்தில் அவர் வரப்பும் வருகிறது என்று சண்டை. சர்வே வந்து அளந்து, இல்லை என்று ஆனபோது அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கட்டுங்க, கட்டுங்க. எம் மாரு மேலயே ஏறி நின்னு இடிச்சிக் கட்டுங்க." அந்த வார்த்தை எனக்கு மட்டுமா காதில் விழுந்தது? ஊருக்கே விழுந்தது.

அவர் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். அவரைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தியிருக்கிறார்கள், இங்கே நாங்கள் தொம் தொம் என்று கட்டையைப் போட்டு இடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? பங்காளி செத்ததைக் கொண்டாடுகிறார்கள் என்று சொல்லமாட்டார்களா? ஊர் சொல்வது இருக்கட்டும், எனக்கே கை எழவில்லை. கட்டையைக் கீழே போடுங்கடி என்றேன். தார்ப்பாயை எடுத்து மண்ணின் மேல் போர்த்திவிட்டு அங்கே போய்விட்டேன். மூன்றாம் நாள் பால் தெளித்த பிறகுதான் வந்து தார்ப்பாயை விலக்கினோம். பங்குனி வெயில். மண் பாளம் பாளமாக இருந்தது. எனக்குத் தெரியும், வாணி. பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் அவ்வளவு சாம்பலையும் சுண்ணாம்பையும் வாரி வெளியே கொட்டுங்கள் என்று அந்தப் பெண்களிடம் சொல்ல மனம் வரவில்லை. தண்ணீர் தெளித்து, கொத்தி, அதையே இடித்தோம். பிடித்துக்கொள்ளும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். உனக்குச் சொன்னால் நீ விடமாட்டாய் என்றுதான் சொல்லவில்லை.

திறப்பு இல்லை. நோட்டீஸ் போனது போகட்டும். ஆனால் தரையை எதற்கு உடைக்கிறோம் என்று குழுவில் நான் என்ன சொல்வது? வாயைத் திறந்தால் சின்ன மாமா பேர் வரும். செத்தும் கெடுத்துவிட்டான் என்று பேசுவார்கள். அவர் சம்சாரம் ஜானகி அத்தை இன்னும் வாசலை விட்டு வெளியே வருவதில்லை. அந்த அம்மா காதில் இது விழ வேண்டுமா? வழி தெரியவில்லை எனக்கு.

மணிமேகலை

*

வார்தா
7 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணி,

கடிதத்தைப் படித்துவிட்டு மண் சோதிக்கும் லேப் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். கூட வேலை செய்கிறவர்கள் ஊரில் ஏதோ கேதம் என்று நினைத்துக்கொண்டார்கள். உடனே அண்ணனைக் கூப்பிட்டுப் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டேன். உங்களிடம் பேச உங்கள் சட்டப்படி தபால்தான், அதனால் எழுதுகிறேன்.

நானாக இருந்தாலும் கட்டையைக் கீழே போடத்தான் சொல்லியிருப்பேன். சித்தப்பா அப்படிச் சொல்லியிருந்தார் என்பதே எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது சரி, நான் வரவில்லை, வந்திருந்தால் தார்ப்பாயைப் பார்த்த இடத்திலேயே கேட்டிருப்பேன். நிறுத்தியதில் தப்பில்லை. அதற்குப் பிறகு அந்த மண்ணையே இடித்ததுதான் தப்பு. அதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நான் மேலே ஏற்றிச் சொல்லவில்லை.

வேலைக்கு வருகிறேன். தரையை முழுக்க உடைத்து, அடி மண்ணைத் தோண்டி வெளியே எடுங்கள். அதையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. கட்டிகளை நன்றாகத் தட்டித் தூளாக்கி, புதுச் சுண்ணாம்பும் புதுச் சாம்பலும் சேர்த்து மறுபடி கலக்கலாம். நாள் முழுக்க இடிக்க ஆள் இருந்தால் மட்டும் நனையுங்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுங்கள். சுவரைச் சுற்றி மழைத்தண்ணீர் நிற்காமல் ஓட ஒரு வாய்க்கால் வேண்டும்.

இனி குழுவில் என்ன சொல்வது என்பது. இதைப் பல தடவை யோசித்துப் பார்த்தேன். வாணி சொன்ன கணக்கு தப்பு என்று சொல்லுங்கள். சாம்பல் அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டாள், இப்போது அவளே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறாள் என்று சொல்லிவிடுங்கள். நான் தூரத்தில் இருக்கிறேன், திட்டினால் எனக்குக் கேட்கப்போவதில்லை. உங்கள் பேரும் கெடாது, சித்தப்பா பேரும் வராது, ஜானகி சித்திக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம்.

நல்லம்பள்ளிப் பக்கம் ஓர் ஊரில் இதே முறையில் நூலகம் கட்டலாமா என்று என்னிடம் கேட்டிருந்தார்கள். இந்தச் செய்தி பரவினால் அது நடக்காது. அந்தப் பக்கம் இனி யாரும் சாம்பல் என்று சொன்னாலே சிரிப்பார்கள். எனக்கு வலிக்கத்தான் செய்யும், இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் பரவாயில்லை. தரை உடைய வேண்டும், அதுதான் முக்கியம்.

பத்தொன்பதாம் தேதிக்குப் பிறகு எனக்கு லீவு கிடைக்கும். படி ஏறலாமா?

வாணி

*

கம்பைநல்லூர்
15.9.2024

அன்புள்ள வாணிக்கு,

உன் கடிதம் வந்த மறுநாளே குழுவைக் கூட்டினேன். மாரியம்மன் கோயில் முன்னால், சாயங்காலம். எல்லோரும் வந்துவிட்டார்கள். கடைசியில் ஜானகி அத்தையும் வந்து, ஒதுக்குப்புறமாகக் கம்பத்துப் பக்கம் உட்கார்ந்தார். பேத்தி உள்ளே மாட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்த அம்மாவுக்குத் தூக்கமில்லை என்று சுகுணா சொன்னாள். சரி, நீ சொன்னபடியே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆமாம், சொல்லத்தான் போனேன்.

"வாணி கணக்குல தப்பு நடந்துபோச்சி" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். "படிச்சவ பேச்சக் கேட்டா இப்பிடித்தான்", "சாம்பலு வேணாம்னு நாங்க அப்பவே சொன்னம்ல", "எங்க கைப் புண்ணுக்கு யாரு பதிலு?" என்று ஆளுக்கொன்று. உன்னைத் திட்டுவதைக் கேட்க எனக்குக் கொஞ்சம் இனிப்பாகக்கூட இருந்தது. அந்தப் படத்தை நான் இன்னும் முழுசாக மறக்கவில்லை.

அப்போது கம்பத்துப் பக்கமிருந்து ஜானகி அத்தை கேட்டார். "மணிமேகல, ஒண்ணு கேக்கறன், கோவிச்சிக்காத. அவரு வாசல்ல கெடந்தப்ப கட்டைச் சத்தம் கேட்டுச்சி. அப்பறம் நின்னுபோச்சி. அவரத் தூக்கிட்டுப் போயும் கேக்கல, பாலு தெளிக்கற வரைக்கும் கேக்கல. நான் அழுதுகிட்டே அந்தச் சத்தம் எப்ப வரும், எப்ப வரும்னு காத வெச்சிகிட்டே கெடந்தன். வரவே இல்ல. எங்களுக்காவத்தான் நிறுத்துனீங்களா, இல்ல மண்ணு கிண்ணு தீந்துபோச்சா?"

திட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள்.

நீ சொல்லிக் கொடுத்த பொய்யில் இதற்குப் பதில் இல்லை, வாணி. மண் தீர்ந்துபோனது என்று சொன்னால் உன் பொய்யும் நிற்கும், நானும் பிழைப்பேன். ஆனால் இத்தனை மாதமாக அந்த அம்மா இதை மனதில் வைத்துக்கொண்டு, கேட்க வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறார். அவர் புருஷனுக்கு இந்த ஊரில் நாங்கள் கொடுத்த மரியாதை அது ஒன்றுதான். அதையும் இல்லை என்று சொல்லிவிடுவதா?

"உங்களுக்காகத்தான் நிறுத்தினோம் அத்தை" என்றேன். பிறகு நிற்க முடியவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மண் காய்ந்தது, எனக்குத் தெரிந்தது, தெரிந்தே இடித்தது, உன்னிடம் மறைத்தது, சாவியைக் கொடுத்தது எல்லாம். வாணி கணக்கில் ஒரு தப்பும் இல்லை, அவள் எனக்காகப் பழியை ஏற்கிறேன் என்று எழுதியிருக்கிறாள் என்றும் சொன்னேன். தலைவியாக வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஜானகி அத்தை எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வந்து உன் அண்ணனிடம் சொன்னேன், அவரோடு நான் பேசாமல் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலையில் தரையை உடைக்கப் போனோம். நான் தனியாகப் போவேன் என்று நினைத்தேன், குழுவில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். சந்திரமோகன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு நிற்கும்போது ஜானகி அத்தை வருகிறார். நேராக வந்து, "அவருக்காவ நின்ன வேல இது. மொத அடி நான் போடறன்" என்று கையை நீட்டினார். பின்னாலிருந்து ஒருத்தி, தாலியறுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதல் கையா என்று இழுத்தாள். "ஏண்டி, ஒடைக்கறதுக்குத்தான? கட்டறதுக்கு உன்னக் கூப்பிடறன், சும்மா இரு" என்றேன். சந்திரமோகன் கடப்பாரையைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு அதைத் தூக்கவே பலமில்லை. நானும் கூடப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகப் போட்டோம். சிமெண்டு பிளந்தது, அடியில் மண் பொலபொலவென்று இருந்தது. அத்தை குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன்.

இன்று மண்ணெல்லாம் வெளியே வந்துவிட்டது. பெண்கள் கட்டியைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். ரைஸ் மில்லில் பின்பக்கக் குவியலுக்குச் சொல்லியாகிவிட்டது. தலைவி வேலையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை, என் தலையிலேயே கிடக்கிறது. நல்லம்பள்ளிக்காரர்கள் உன்னைக் கேட்டால் நேராக இங்கே வந்து பார்க்கச் சொல், நடந்ததை நானே சொல்கிறேன்.

நீ வந்த பிறகுதான் கலப்போம். படி ஏறலாமா என்று கேட்டிருக்கிறாய், அறிவு கெட்டவளே. உன் எண்ணை நேற்றே திறந்துவிட்டேன், ஆனால் கூப்பிடாதே, நேரில் வா.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். கலந்த மண்ணை எதற்காகவும் விட்டுவிட்டுப் போகக்கூடாது, அன்றைக்கே இடித்தாக வேண்டும் என்று நீ எழுதியதை எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். கட்டி தட்டிக்கொண்டிருந்த ஜானகி அத்தை நிமிர்ந்து பார்த்தார். "அப்பிடின்னா இப்பவே சொல்லிடறன், எல்லாரும் கேட்டுக்கங்க. நீங்க மண்ணு கலக்கற அன்னிக்கி நானே செத்துப்போனாலும் சரி, கட்டைய மட்டும் கீழ போட்டுடாதீங்க. இடிச்சி முடிச்சிட்டு, கையக் கழுவிகிட்டு வந்து என்னத் தூக்குங்க" என்றார்.

அண்ணி,
மணிமேகலை